இருபதாவது சினைமீன்

ஷேக் பரீத்தின் வலது கைக் கட்டைவிரலுக்கு உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஒரு மரியாதை இருந்தது. முப்பது வருசம் அங்கே கடை போட்டவர். மீனை அறுக்காமலே, வயிற்றில் விரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, இதில் சினை இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். சினைக்கென்று தேடி வந்த எந்த வீட்டுக்காரியும் அவர் கடையில் ஏமாந்ததில்லை.

அந்த விரலை நம்பித்தான் வரதராஜுலு அவரைத் தேடி வந்தார். அன்னூர்ப் பக்கம் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கிறவர். பண்ணைத் தொட்டியிலேயே பிறந்து, பண்ணைத் தொட்டியிலேயே முட்டையிட்ட கெண்டைகள் வரவர நோஞ்சானாகிவிட்டன. குஞ்சு பொரித்தால் பாதி தேறவில்லை. புது ரத்தம் வேண்டும் என்று ஆற்று மீன் தேடினார். சிறுமுகைக்குக் கீழே, பவானி ஆறு அணைத் தண்ணீரோடு சேருகிற இடத்தில், பங்குனியில் கெண்டைகள் சினையோடு கரையோரம் ஏறும். அதில் இருபது பெண்மீன், நிறை சினையாக, உயிரோடு வேண்டும்.

"வலை போட ஆளு இருக்குதுங்க பாய். எது ஆகும், எது ஆகாதுன்னு சொல்லத்தான் உங்க விரலு வேணும்" என்றார்.

ஷேக் பரீத் அன்றைக்கே துணிமணியைப் பைக்குள் திணித்துவிட்டார். திணிக்காமல் என்ன செய்வார்? வீட்டில் என்ன வைத்திருக்கிறது? பெண்டாட்டி ஜன்னத் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதம். மகள் ரிஃபத்தைக் கட்டிக்கொடுத்த இடம் பாலக்காடு. கடையைத் தம்பி மகன் இல்யாஸ் பார்த்துக்கொள்கிறான். தங்கமான பையன்தான், ஆனால் இவர் போய் நின்றால் "நீங்க சும்மா உக்காருங்க பெரியத்தா" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவான். உட்கார்ந்து உட்கார்ந்து மனுசனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்த வருசம், தொண்ணூற்று நாலில், ரம்ஜான் முப்பது நாளும் பள்ளிவாசலில் கஞ்சி குடித்து நோன்பு திறந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போட்டுவிடுவார். பாட்டுக் கேட்கிற ஆசையெல்லாம் இல்லை. வீட்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். உழவர்களுக்கு யூரியா எப்போது போடுவது என்று சொல்வார்கள். ஒரு செண்டு நிலம் இல்லாத மனுசன் அதையும் கடைசிவரை கேட்பார்.

ஆற்றங்கரையில் ராசப்பனும் அவன் பெண்டாட்டி பூவாத்தாளும் கீற்றுக் குடிசை போட்டிருந்தார்கள். மீன் சேரும்வரை மூன்று பேருக்கும் அதுதான் வீடு. விடிந்ததும் ராசப்பன் பரிசலில் போய் வலையை வளைத்து இழுத்து வருவான். இடுப்பளவு தண்ணீரில் ஷேக் பரீத் நிற்பார். மீனின் கண்ணை ஈரத்துணியால் மூடி, பச்சைப்பிள்ளையைத் தாங்குவதுபோலத் தாங்கி, வயிற்றில் விரலை ஓட்டுவார். "ஆகும்" என்றால் வலைக்கூண்டுக்குள் போகும். "ஆகாது" என்றால் ஆற்றுக்கே போகும். ஆண்மீன்களுக்குத் தனிக் கூண்டு. அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

பூவாத்தாளுக்கு வாய் ஓயாது. அடுப்பில் களி கிண்டும்போதும் பேச்சு, மீன் ஆயும்போதும் பேச்சு. "ஏனுங்க பாய், உங்க கோயமுத்தூருல தண்ணி லாரில வருதாமே? ஏனுங்க பாய், இன்னொரு உருண்டை வெக்கட்டுங்களா? அட, கூச்சப்படாம தின்னுங்க, நாங்க என்ன அன்னியமா?" ராசப்பன் தலையில் அடித்துக்கொள்வான். "பாயை மூச்சு உடவாச்சும் உடு" என்பான். ஷேக் பரீத் களியை வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பார். எட்டு மாதத்தில் சிரித்த சிரிப்பையெல்லாம் கூட்டினாலும் இந்தச் சில நாள் சிரிப்புக்கு ஈடாகாது.

வியாழக்கிழமை ஷேக் பரீத்தைக் கொண்டுவந்து விட்டபோதே வரதராஜுலு கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "கூண்டுல மீனு ஒரு வாரம் நிக்கலாம், மிஞ்சிப்போனா பத்து நாளு. அதுக்கு மேல நிறுத்துனா சினை கரைஞ்சுபோயிருமுங்க. இருபது சேந்த அன்னிக்கே சிறுமுகை பூத்துல இருந்து போன் போடுங்க, லாரி வந்துரும். சேராட்டியும் சரி, அடுத்த வாரம் சனிக்கெழமை நானே வாரேன்."

முதல் சனிக்கிழமையே பத்தொன்பது சேர்ந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு!" பூவாத்தாள் கையைத் தட்டினாள். "பொதங்கெழமை எங்கூர்ல மாரியம்மன் நோம்பிங்க பாய். அதுக்குள்ள முடிஞ்சுபோகும்."

எல்லாருக்கும் சந்தோசம். ஷேக் பரீத்துக்கு மட்டும் இல்லை. இன்னும் ஒன்று என்றால் லாரி வரும். லாரி வந்தால் குடிசையைப் பிரிப்பார்கள். இவர் பஸ் ஏறுவார். உக்கடத்தில் இறங்கி, பூட்டைத் திறந்து, ரேடியோவைப் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் இழுப்பிலேயே வந்தது. ஐந்து கிலோவுக்குக் குறையாது. விரல் வைக்கவே வேண்டாம், அவ்வளவு நிறை சினை. ராசப்பன் வாயெல்லாம் பல்லாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஷேக் பரீத் விரலை ஓட்டினார். இன்னொரு தரம் ஓட்டினார்.

"ஆகாது" என்றார். "இன்னும் பத்தலை."

ராசப்பன் தலையை ஆட்டினான். இவர் கையை விரித்தார், மீன் போய்விட்டது. முப்பது வருசத்தில் அந்த விரல் சொன்ன முதல் பொய் அது. ஒரு நாள்தானே, என்ன கெட்டுப்போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்று பூவாத்தாள் வைத்த குழம்பு ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

திங்கட்கிழமை இன்னொன்று. பூவாத்தாள் தண்ணீர் மொள்ள வந்தவள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே எட்டிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து மீன் ஆய்கிறவள், அவள் கண்ணுக்குத் தெரியாதா?

"ஏனுங்க பாய், இது நிறை சினையாட்டத் தெரியுதே?"

"கொழுப்பு அம்மணி. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

"அட, ஆமாங்களா! நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அவள் போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. செவ்வாய்க்கிழமையும் ஆகாது. ராசப்பனுக்கு முகம் செத்துவிட்டது. தன் கை ராசிதான் போய்விட்டது என்று முடிவு கட்டினான். பூவாத்தாள் சும்மா இருப்பாளா? மிளகாயும் உப்பும் எடுத்து வலைக்குத் திருஷ்டி சுற்றினாள். பரிசலுக்குச் சுற்றினாள். "நீங்களும் வந்து நில்லுங்க பாய், உங்க மேலயும் எவன் கண்ணாச்சும் பட்டிருக்கும்" என்று கூப்பிட்டு அவருக்கும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்து மூன்று பேருக்கும் இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய்மேல் பழி போட்டுக்கொண்டு ஷேக் பரீத் எழுந்து கூண்டுப் பக்கம் போனார்.

போன இடத்தில் சும்மா ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தார். வந்த முதல் நாள் பிடித்தது. வயிறு தொளதொளத்திருந்தது. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் அப்படித்தான். வெயில் ஏறின ஏற்றத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிக் கிடந்தது. மீனை மெல்லத் தண்ணீரில் விட்டார். யா அல்லாஹ், என்ன காரியம் செய்துவிட்டேன்! ஒரு நாள், ஒரு நாள் என்று தள்ளினது இங்கே வந்து நிற்கிறது. நாளைக்கு எது வந்தாலும் ஆகும் என்று சொல்லிவிடுவது, மத்தியானமே போன் போட்டுவிடுவது என்று கூண்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டே தீர்மானம் பண்ணினார்.

புதன்கிழமை வலையில் வந்தது பூராவும் ஆண்மீனும், இதற்கு உதவாத ஜிலேபி மீனும். மறுபடி போடு என்று இவரே ராசப்பனை விரட்டினார். நாலு இழுப்பு இழுத்தான். ஒரு பெண்மீன், பேருக்குக்கூட இல்லை. மூன்று நாளாக வாசலில் வந்து நின்றதை விரட்டிவிட்டு இப்போது தேடினால் எங்கே போவது?

பொழுது சாய்கிற நேரத்தில் அக்கரையிலிருந்து, அவர்கள் ஊர்த் திருவிழாவின் மேளச்சத்தம் கேட்டது. நோம்பி.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அம்மணி. கூண்டை நான் பாத்துக்கறேன்" என்றார் ஷேக் பரீத்.

"அதெப்படிங்க? வேலையை முடிச்சுப்போட்டே போலாம்" என்றாள் பூவாத்தாள். அன்றைக்கு அவள் அதிகம் பேசவில்லை. ராசப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சத்தம் ஓயும்வரை மூன்று பேரும் அக்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பக்கத்தில் ஆள் இருந்தும், உக்கடத்து வீட்டைவிட மோசமாக இருந்தது அவருக்கு.

வியாழனும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. பத்தொன்பதோடு போன் போட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று ஷேக் பரீத் பூத்துப் பக்கம் போகவும் இல்லை. சனிக்கிழமை காலையில் வரதராஜுலு லாரியோடு வந்து இறங்கினார். இருபதாவது இல்லை என்றதும் முகம் சுளித்தாலும், "சரி, இருக்கறதை ஏத்துவோம்" என்று தானே தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் நெற்றி சுருங்கியது. பத்தொன்பதில் ஏழுக்குச் சினை கரைந்துபோய்விட்டது. மிச்சம் பன்னிரண்டும் தப்பினால் உண்டு.

"ராசப்பா, வலையை என்னடா பண்ணி இழுத்தே?" என்று கத்தினார். "அடிபட்டாத்தான் மீனு இத்தனை சீக்கிரம் சினை கரையும். ஆத்துல பொறந்து வளந்தவன்னு நம்பி உட்டேன் பாரு, என்னைச் சொல்லோணும். இனி உன்னை எதுக்காச்சும் கூப்பிட்டா ஏன்னு கேளு!"

ராசப்பன் கையைக் கூப்பினான். "மொதலாளி, கைக்கொழந்தையாட்டத்தான் எடுத்துக் குடுத்தனுங்க. வேணும்னா பாயையே கேட்டுப் பாருங்க."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பழியை வெயில்மேல் போட்டிருக்கலாம். வெயிலுக்கு வாயா இருக்கிறது, வந்து இல்லை என்று சொல்ல? வெயில்தான் என்றால் ராசப்பனும் தப்பியிருப்பான், இவரும் தப்பியிருப்பார். அடுத்த பங்குனிக்கும் இதே ஆற்றங்கரை, இதே களி. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ராசப்பன் அவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, இவர் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக நின்ற நிற்பு, அதற்கு எதிரே இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"அவன் மேல தப்பு இல்லைங்க" என்றார் ஷேக் பரீத். "இருபதாவது மீனு ஞாயித்துக்கெழமையே வந்துதுங்க. திங்கக்கெழமையும் வந்துது. செவ்வாக்கெழமையும் வந்துது. மூணும் நிறை சினை. ஆகாதுன்னு சொல்லி நாந்தான் விட்டுப்போட்டேன்."

வரதராஜுலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏனுங்க பாய்?"

ஷேக் பரீத் தண்ணீரைப் பார்த்தார்.

"இருபது சேந்துதுன்னா ஊட்டுக்குப் போகோணுமுங்களே."

வரதராஜுலு நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ பிடரியைச் சொறிந்துகொண்டு, ஆற்றைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், "சரி உடுங்க" என்றார். பன்னிரண்டை ஏற்றினார்கள். மற்ற ஏழு மீனையும் ஆற்றில் விட்டார்கள். வரதராஜுலு ராசப்பன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார். அடுத்த வருசத்தைப் பற்றி ஷேக் பரீத்திடம் அவர் பேச்செடுக்கவில்லை.

லாரி போனபின் குடிசையைப் பிரித்தார்கள். ராசப்பன் வலையைச் சுருட்டினான். இவர் ஒரு முனையைப் பிடிக்கப் போனபோது, "இருக்கட்டுங்க" என்று வாங்கிக்கொண்டான். அந்த 'இருக்கட்டுங்க'வில் கோபம்கூட இல்லை. பூவாத்தாள் சட்டிபானையைத் துணியில் கட்டி முடிச்சுப் போட்டாள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நோம்பிக்கு உங்களையும் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தோமுங்க பாய். ஒறம்பரையா விருந்தாளி ஒருத்தரு வாராரு, புது ஜமக்காளமா எடுத்து வெய்யின்னு பால்காரங்கிட்ட ஊட்டுக்குச் சொல்லியனுப்பிச்சேன். நாலு நாள் இருந்து கறிச்சோறு தின்னுபோட்டுப் போகட்டும், பாவம் தனி மனுசன்னு இவருதான் சொன்னாரு. முன்னாலயே சொன்னா நீங்க கூச்சப்பட்டுக்கிட்டு வேண்டாம்பீங்க. அதான் இருபதும் சேரட்டும், கையோட இழுத்துக்கிட்டுப் போயிரலாம்னு..."

அவள் திரும்பிக்கொண்டாள். ராசப்பன் பரிசலைத் தள்ளிக்கொண்டு நின்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். துடுப்பு இரண்டு வீச்சு விழுந்ததும் பரிசல் நடு ஆற்றுக்குப் போய்விட்டது.

ஷேக் பரீத் குடிசை இருந்த இடத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கரையில் அவர்கள் இறங்கி, மேடேறி, தென்னந்தோப்புக்குள் மறைகிறவரை அடக்கிக்கொண்டிருந்தார். இனி யார் காதிலும் விழாது என்று தெரிந்ததும் வாய்விட்டு அழுதார்.