பத்திலிருந்து பன்னிரண்டு வரை

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே சோதனைச் சாவடி வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. சித்தாள் வேலை பார்க்கும் அவளும், அவள் புருஷன் கொத்தனாரும், நாத்தனாரும் அதில் நின்றார்கள். கம்பிவேலி போட்டு அடைத்த பழைய நகருக்குள் நடக்கும் சிலுவை ஊர்வலத்துக்கு மூவருமே மனுக் கொடுத்திருந்தார்கள். அனுமதிச் சீட்டு வந்தது அவளுக்கு மட்டும்.

"நான் மட்டும் போய் என்னங்க பண்ண?"

"வீட்டுக்கு ஒருத்தராவது போகணும். தெம்பா போ. நாங்க கம்பிக்கு வெளிய நிக்கிறோம்," என்றார் கொத்தனார்.

"எனக்கும் சேத்து நடந்துட்டு வாங்க, அண்ணி," என்றாள் நாத்தனார்.

காவலன் சீட்டைப் புரட்டினான். "யார் வீட்டுல வேலை?"

"வேலைக்கு வரலை. ஊர்வலத்துக்கு வந்திருக்கேன்."

"பத்துலேர்ந்து பன்னெண்டு. ஒரு நிமிஷம் தாண்டினா அடுத்த வருஷம் சீட்டு கிடையாது."

உள்ளே தெருவுக்குக் கல் பாவிய மூன்று மாதமும் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே விட்டவர்கள்தான் இந்தக் காவலர்கள்.

கோயில் முற்றம் நிறைய வெளிநாட்டு யாத்திரிகர்கள். அவர்களுக்குச் சீட்டு வேண்டியதில்லை. கனத்த மரச் சிலுவைக்கு எட்டுத் தோள் வேண்டும். வழக்கமாகத் தூக்குகிறவர்களில் ஐந்து பேருக்குத்தான் சீட்டு வந்திருந்தது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை கையைப் பிசைந்தார்.

அவள் தலைத்துணியை அவிழ்த்துச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்தாள்.

"பொம்பளைங்க தூக்கினதில்லையேம்மா."

"கல்லுன்னா பொம்பளை தூக்கலாம், சிலுவைன்னா ஆகாதா?"

கோயில்பிள்ளை சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையசைத்தார். அவளைப் போலவே சீட்டோடு வந்திருந்த ஒரு சலவைக்காரியும் ஓர் ஆஸ்பத்திரி ஆயாவும் அவள் பின்னால் வந்து நின்றார்கள்.

பாரம் ஏறியதும் மூச்சு ஒரு கணம் அடைத்தது. பிறகு உடம்புக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு கல்லும் அவள் சுமந்து போட்டது. "திருப்பத்துல ஒரு கல்லு தூக்கியிருக்கும், காலைத் தூக்கி வைங்க," என்றாள். ஐந்து ஆண்களும் அவள் சொன்னபடி கால் வைத்தார்கள்.

பாதி வழியில் இரண்டு காவலர்கள் குறுக்கே வந்தார்கள். "பன்னெண்டு ஆகப்போகுது. சிலுவையை வச்சிட்டுச் சீட்டுக்காரங்க எல்லாரும் கெளம்புங்க."

"கீழ வைக்க மாட்டோம்," என்றாள். "கெளம்பத்தானே சொன்னீங்க? கெளம்புறோம். சாவடி வாசல் வரைக்கும் இது தோள்லதான் வரும்."

சாமியார் சாவடிப் பக்கம் திரும்பி நடந்தார். ஊர்வலம் முழுவதும் அவர் பின்னால் திரும்பியது.

கம்பிக்கு வெளியே நின்ற நூற்றுக்கணக்கான பேர் சிலுவை தங்களை நோக்கி வருவதைப் பார்த்தார்கள். ஒருவர் பாட ஆரம்பித்தார், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஊர்வலத்தில் பாடிவந்த பாட்டு வெளியே எழுந்த பாட்டில் அமுங்கிப்போனது.

"முன்னால தூக்கிட்டு வர்றது யாரு தெரியுதா?" கொத்தனார் பக்கத்தில் நின்றவரை உலுக்கினார். "என் வீட்டுக்காரி!" நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள்.

சாமியார் கடைசி ஜெபத்தை அங்கேயே, கம்பியோரமாய் நின்று சொன்னார். முடிந்ததும் சிலுவை வெளியே வரக் கூடாது என்றான் காவலன். அதைக் கம்பிமேல் சாய்த்துவிட்டு எட்டுப் பேரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

கொத்தனார் அவள் தோளைத் தொட்டார். சட்டைத் துணி ரத்தத்தில் ஒட்டியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லையே," என்றாள், தலை நிமிர்ந்து. மூவரும் கூட்டத்தோடு, கம்பியில் சாய்ந்திருந்த சிலுவையைப் பார்த்தபடி சாலையில் முழந்தாளிட்டார்கள்.

பின்னால் யாத்திரிகர் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது. "வழி விடுங்க, விருந்தாளிங்க உள்ள போகணும்!" என்று காவலன் கத்தினான். யாரும் எழுந்திருக்கவில்லை. முழந்தாளிலேயே ஊர்ந்து சாக்கடையோரம் ஒதுங்கினார்கள். பேருந்துக்காகச் சாவடியின் தடுப்புக் கட்டை மேலே போனது.