ஏ பக்கம் முடிந்ததும்

ஆம்ப்ரோஸ் சாருக்கு மனைவி வாயிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வாக்கியம்தான். அதையும் மனுஷன் தன் கையாலேயே தூக்கிப் போட்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சாந்தோமில் கடலைப் பார்த்துப் போகிற சந்தொன்றில் இரண்டாவது மாடி வீடு. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அல்போன்சாவும் டீச்சர்தான், மூன்றாம் வகுப்பு. நான்கு வருஷமாக அவளுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் சாவி வைத்த இடம் போனது, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் போனார்கள், அப்புறம் பெற்ற மகளே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறிலிருந்து வரும் ஷெரிலைத் தான் படித்த கான்வென்ட்டின் கன்னியாஸ்திரி என்று நினைத்துக்கொண்டு, "சிஸ்டர், உக்காருங்க" என்பாள். ஷெரில் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்து உட்காருவாள்.

புருஷனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. அவரையும் பார்ப்பாள், ஜன்னலையும் பார்ப்பாள், அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடித்து முடித்ததும் அவர் டேப் ரிக்கார்டரைப் போடுவார். ஷெரில் பிறந்த வருஷம், தி.நகரில் ஒரு ரிக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய சினிமாப் பாட்டு கேசட். பக்கத்துக்கு ஐந்து பாட்டு. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவிலேயே அறுந்துவிடும். நாடா தீரும்வரை கடைக்காரன் பாட்டைத் திணித்திருந்தான். பாட்டு அறுந்து, பட்டன் 'டக்'கென்று மேலே எழும்பியதும் அல்போன்சா தலையைத் திருப்பி, "என்னங்க, திருப்பிப் போடுங்க" என்பாள். பி பக்கம் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை. பெட்டி பக்கத்திலேயே நிற்கிற அவர் திருப்பிப் போடுவார்.

அந்த 'என்னங்க'வில்தான் அவர் உயிரை வைத்திருந்தார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் அவர் பேரைச் சொன்னதே இல்லை. பேங்க்கில் கணவர் பேர் கேட்டால் பாஸ்புக்கைத்தான் நீட்டுவாள். வேறு எந்த ஆம்பளையையும் 'என்னங்க' என்று கூப்பிட்டதும் இல்லை. ஆகவே தன்னை அவளுக்கு இன்னும் தெரிகிறது, நாளைக்கு இரண்டு தடவையாவது தெரிகிறது. கணக்கு வாத்தியார் அல்லவா, நிரூபித்துக் கீழே கோடும் கிழித்துவிட்டார். டாக்டர் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு காதில் ஏறவில்லை.

இதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. எழுபத்தைந்து வயதில் மகளிடம் போய், உங்கம்மா என்னை என்னங்க என்று கூப்பிடுகிறாள் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கம்தான் குடியைக் கெடுத்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஷெரில் இரண்டு நாள் லீவு போட்டு வந்தாள். அலமாரியைக் காலி செய்தால் பூஞ்சை பிடித்த கேசட்டுகள் ஒரு பை நிறைய. டேப் ரிக்கார்டரிலும் பெல்ட் தளர்ந்து, பாடுகிறவருக்கே ஜுரம் வந்த மாதிரி பாட்டு இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா கேட்கிற கேசட்டின் அட்டையைப் பார்த்து, பத்துப் பாட்டையும் அதே வரிசையில் அப்பாவின் செல்போனில் இறக்கினாள். புதுசாக ஒரு குட்டி ஸ்பீக்கரும் வாங்கி வந்திருந்தாள்.

"எல்லாமே இதுல இருக்கு டாடி. அறுந்துபோற பாட்டுகூட முழுசா இருக்கு."

பாட்டு போகவில்லையே, பெட்டிதானே போகிறது என்று ஆம்ப்ரோஸ் சாருக்கும் பட்டது. கேசட் பையையும் டேப் ரிக்கார்டரையும் அவரே மாடியிறங்கித் தூக்கிப் போய்ப் பழைய பேப்பர்காரர் வண்டியில் வைத்தார். பாவி மனுஷன், சிரித்துக்கொண்டே வைத்தார்.

அன்று சாயங்காலம் பாட்டு கண்ணாடி மாதிரி கேட்டது. அல்போன்சாவின் கால் தாளம் போட்டது, ஷெரிலுக்கு ஒரே சந்தோஷம். ஐந்தாவது பாட்டு அறுகிற இடம் வந்தது. அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. அல்போன்சா லேசாகப் புருவத்தைச் சுருக்கினாள், அவ்வளவுதான். ஆறாவது பாட்டு தானாக வந்தது. பத்தும் முடிந்து முதல் பாட்டும் தானாக வந்தது. யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆம்ப்ரோஸ் சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கோயில் மணி அடிக்கும்வரை காத்திருந்தார்.

மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள், அறுகிற இடத்தில் அவரே செல்போனைத் தொட்டுப் பாட்டை நிறுத்தினார். அல்போன்சா ஜன்னலைப் பார்த்தாள். நாக்கை அண்ணத்தில் தட்டி 'டக்' என்று சத்தம் எழுப்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. அன்று அவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை.

பழைய பேப்பர் கடையில் போய் நின்றார். பிளாஸ்டிக் சாமானெல்லாம் அன்றைக்கே லாரியில் போய்விட்டது என்றார்கள். ஷெரிலுக்கு போன் போட்டுக் காரணம் சொல்லாமல் கத்தினார். அவள், நீங்கதானே டாடி கொண்டுபோய்க் கொடுத்தீங்க என்றாள். வாஸ்தவம்தான், அவர் போனை வைத்துவிட்டார்.

விசாரித்ததில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒருவரைச் சொன்னார்கள். உமர் ஃபாரூக், கல்யாண மண்டபங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர், ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் மெக்கானிக். பஸ் மாறிப் போய், பெற்ற மகளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் ஆம்ப்ரோஸ் சார் ஒன்று விடாமல் கொட்டினார். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே ஐந்தாவது பாட்டை அறுகிற இடம்வரை பாடியும் காட்டினார்.

உமர் சிரிக்கவில்லை. "கேசட் டெக் ஒண்ணு நல்லா ஓடிக்கினு கீது சார். புது கேசட்டும் பிரிக்காம கீது. அதே எடத்துல கட் பண்ணி ஏத்தி, நானே எடுத்தாந்து வெச்சுட்டுப் போறேன்" என்றார்.

சொன்னபடியே சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தார். பழைய இடத்திலேயே டெக்கை வைத்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்திலேயே நின்றார். ஆம்ப்ரோஸ் சாருக்கு உட்கார முடியவில்லை, வாசல் பக்கம் சுவரோரமாக நின்றார். ஒவ்வொரு பாட்டாக வந்தது. ஐந்தாவது பாட்டு சரணத்தில் ஏறி, நடுவில் அறுந்தது. பட்டன் 'டக்'கென்று எழும்பியது.

அல்போன்சா தலையைத் திருப்பினாள். பத்து நாளாக இல்லாத களை முகத்தில் வந்திருந்தது.

"என்னங்க, திருப்பிப் போடுங்க."

அவள் பார்த்துச் சொன்னது உமரை.

உமர் பெட்டியைத் தொடவில்லை. அந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும் என்று அவருக்குத் தெரியும். "சார், அம்மா ஒங்களத்தான் கூப்புடுறாங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்னங்க, எவ்ளோ நேரம் சும்மா நிப்பீங்க?" அல்போன்சா செல்லமாகக் கோபித்துக்கொண்டாள், உமரின் முகத்தைப் பார்த்து.

அப்போதுதான் ஆம்ப்ரோஸ் சாருக்குப் புரிந்தது. பெட்டி பக்கத்தில் எவன் நிற்கிறானோ அவன் புருஷன். இத்தனை நாளும் அங்கே நின்றது தான் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

"திருப்பிப் போடுங்க பாய். அவங்க கேக்குறாங்கல்ல."

உமர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். பி பக்கம் ஆரம்பித்தது. அல்போன்சாவின் கால் தாளம் போட்டது. அவள் கண் அறையைச் சுற்றி வந்து, சுவரோரம் நிற்பவர் மேல் விழுந்தது. பெட்டியை விட்டு விலகி நிற்கிற அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசியது ஒன்றரை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"சார், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் பாட்டு போட்டிருக்காரு, கேட்டுட்டுப் போங்க."

ஆம்ப்ரோஸ் சார் வாசலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.