நோயாளியாகப் படுத்தவன்

ரெனால்ட் நர்சிங் படிக்கப் போவதாகச் சொன்ன அன்று, அவன் அப்பா தேவானந்தம் பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவர் அவர். ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி முறுக்கேறிய உடம்பு. ஒரே மகன் வார்டில் நின்று அடுத்தவர்க்கு உடம்பு துடைத்துவிடுவான் என்பதை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை.

“ஆம்பள நர்ஸுன்னு சொன்னா கம்பெனில என்னை ஓட்டியே சாகடிச்சிடுவானுங்க. வேற எதுனா படி.”

ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா தேவகிருபை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “புள்ள படிக்கணும்னுதானே கேக்கறான்? குடிக்கவா காசு கேட்டான்? இதுக்குப் போய் சோத்த வீணாக்கறீங்க.”

இந்த ஆசை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று மூவருக்குமே தெரியும். யாரும் வாயெடுத்துப் பேசியதில்லை, அவ்வளவுதான். கொரோனாவின் இரண்டாம் அலையில் அப்பா, அம்மா இருவருமே படுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்காத நேரம். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ரெனால்ட்தான் கஞ்சி வைத்தான், உடம்பு துடைத்துத் துணி மாற்றினான், போனில் சுகாதார நிலைய நர்ஸம்மா சொல்லச் சொல்ல, மூச்சு விட வசதியாக அப்பாவைக் குப்புறத் திருப்பிப் படுக்கவைத்தான். பிழைத்து எழுந்த தேவானந்தம் அந்த நாட்களை அப்படியே மூடி வைத்துவிட்டார். மகன் கையால் துடைத்துவிடப்பட்டுக் கிடந்தது அவருக்கு வெட்கமாக இருந்ததோ என்னவோ.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி ஒன்றுக்கு ரெனால்ட் விண்ணப்பித்தான். ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள், அதில் பையன்களுக்கு ஒதுக்கிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்துத் தெரு சுஹேல் அகமது மாலையில் மொட்டை மாடிக்கு வந்து அவனைக் கேள்வி கேட்டே வறுத்தெடுத்தான். அவன் வாணியம்பாடி கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவன்.

“தோஸ்த், கிட்னி உனக்கு வரவே வராதா? மறுபடி சொல்லு.”

நுழைவுத் தேர்வில் ரெனால்ட் தேறினான். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பெற்றோரில் ஒருவரும் உடன் வரவேண்டும் என்றிருந்தார்கள். தேவகிருபையின் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்கு கிளம்புகிற வாரம், லீவே கிடையாது. வேறு வழியில்லாமல் தேவானந்தம் கிளம்பினார். டேனரியில் மட்டும் வேலூரில் ஒரு கல்யாணம் என்று சொல்லி வைத்தார்.

கல்லூரியில் முதலில் குழுவாக ஒரு வேலை கொடுத்தார்கள். ரெனால்டின் குழுவில் அவனைத் தவிர எல்லோரும் பெண்கள். இடுப்பெலும்பு முறிந்த நோயாளி ஒருவரைத் தரையிலிருந்து தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும். யாருக்கு என்ன வேலை என்று குலுக்கிப் போட்டார்கள். ரெனால்டுக்கு விழுந்தது நோயாளி வேடம்.

அவன் பாயில் நீட்டிப் படுத்தான். மற்றவர்கள் பரபரப்பாகத் திட்டம் போட்டார்கள். போர்வையை நாலாக மடி என்றாள் ஒருத்தி. இடுப்பை அசைக்காதே என்றாள் இன்னொருத்தி. ஆசிரியைகள் சுவரோரம் நின்று ஒவ்வொருவரையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். எல்லோரும் தங்கள் திறமையைக் காட்டிக்கொண்டிருக்க, அவன் மரக்கட்டை மாதிரி கிடந்தான். நடுவில் போர்வை நழுவி அவன் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சீட்டு போச்சு என்று அவன் மனசுக்குள் முடிவுகட்டிவிட்டான்.

அடுத்து தனி நேர்முகம். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேராசிரியர் பிரிசில்லா. நரைத்த தலை, கூர்மையான பார்வை.

“நீ ஒண்ணுமே செய்யலையேப்பா. சும்மா படுத்திருந்தே. உனக்கு எப்படி மார்க் போடறது?”

சுஹேல் உருப்போட வைத்த ஆங்கிலமெல்லாம் தலையிலிருந்து வழிந்தோடிவிட்டது. “தமிழ்ல சொல்லட்டுமா மேடம்?” என்றான். அவர் தலையசைத்தார்.

“படுத்துனு இருந்தப்போ பயமா இருந்துச்சு மேடம். சும்மா நடிப்புதான்னு தெரியும், அப்பவும் பயம். எல்லாரும் என்னைப் பத்திப் பேசினாங்க, எங்கிட்ட யாருமே பேசல. எப்போ தூக்குவாங்க, எங்க கொண்டு போவாங்க, ஒண்ணும் தெரியல. தலை சாஞ்சப்போ நெஞ்சே நின்னுடும் போல ஆயிடுச்சு.”

“அவங்க செஞ்சது தப்புங்கறியா?”

“இல்ல மேடம். நான் அந்தப் பக்கம் நின்னிருந்தா நானும் அதையேதான் செஞ்சிருப்பேன். செஞ்சும் இருக்கேன். கொரோனால எங்கப்பாவ மொத மொத திருப்பிப் படுக்கவெச்சப்போ ஒரு வார்த்தை சொல்லல. சடக்குன்னு புடிச்சுத் திருப்பிட்டேன். மூச்சே விட முடியாத மனுஷன் என் கையைத் தட்டிவுட்டாரு. ‘சொல்லிட்டுத் திருப்புடா, நான் இன்னா மூட்டையா’ன்னாரு. அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் சொல்லிட்டுத்தான் தொடுவேன்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நீ நர்சிங் படிக்கறதுல அப்பாவுக்குச் சந்தோஷம்தானே?” என்றார் பிரிசில்லா.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. “இல்ல மேடம். அவருக்குப் புடிக்கல. வெளியதான் உக்கார்ந்திருக்காரு.”

அவரை வரச்சொன்னார்கள். தேவானந்தம் தயங்கித் தயங்கி வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“சொல்லிட்டுத்தான் நோயாளியைத் தொடணும்னு உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்னு சொல்றான் உங்க பையன்” என்றார் பிரிசில்லா.

தேவானந்தத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. மகனைப் பார்த்தார்.

“நான் போய்ச் சேந்துடுவேன்னுதாங்க நெனச்சேன்” என்றார். “கண்ணத் தொறக்கக்கூட முடியாது. ‘அப்பா, இப்போ உன்னத் திருப்பப் போறேன், பயப்படாத’ன்னு இவன் சொல்வான். அந்தக் குரல் கேட்டா போதும், சரி, இன்னிக்கும் இருக்கோம்னு தோணும். இத நான் இவங்கிட்டயே சொன்னதில்லீங்க.” ரெனால்ட் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சட்டையில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டியதும் தேவானந்தம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: “ஆம்பள நர்ஸுக்கு யூனிபாரம் இன்னா கலருடா?”

முடிவு வந்த அன்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சுஹேல்தான். பட்டியலில் பெயரைக் கண்டதும் ரெனால்டை முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, கேள்வியே இல்லாமல் பைக்கில் ஏற்றிக்கொண்டு டேனரிக்கு விட்டான். சாப்பாட்டு நேரம். ரப்பர் பூட்ஸோடு தேவானந்தம் கேட்டுக்கு வந்தார்.

“கெடச்சிடுச்சுப்பா.”

அவர் திரும்பி, வேப்ப மர நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்துக் கத்தினார்: “டேய்! எம்புள்ளைக்கு வேலூர்ல நர்சிங் சீட்டு கெடச்சிருக்குடா!”

“இன்னாண்ணே, அது பொம்பளைங்க படிப்பாச்சே?” என்றான் ஒருவன்.

“உனக்கு மூச்சு முட்டும் பாரு, அப்போ தெரியும். அப்போ எம்புள்ளையக் கூப்புடு. வருவான்.”

சிரிப்பு வெடித்தது. கேட்டவனே எழுந்து வந்து ரெனால்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான். தேவானந்தம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு நேராக ஷூ கம்பெனிக்குப் போனார்.

வாசலிலேயே இருவரும் காத்து நின்றார்கள். சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன்னைத் தேடி இந்த வாசலுக்கு வராத புருஷன், மகனின் தோளில் கைபோட்டு நிற்பதைத் தேவகிருபை பார்த்தாள். கேட்க வேண்டியதே இருக்கவில்லை. “ஸ்தோத்திரம்!” என்று அவள் போட்ட சத்தத்தில் கிளம்பத் தொடங்கிய கம்பெனி பஸ்கள் நின்றுவிட்டன. ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. விஷயம் பஸ்ஸுக்கு பஸ் பரவ, பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். முன்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். மற்ற டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே தேவானந்தம் ஒவ்வொரு ஜன்னலாகப் போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், “நர்சிங்குமா. எம்பையன்தான்.”