இணைப்புக்கோடு நீக்குக

அச்சகத்தில் எல்லோரும் அந்த அம்மாவை ஒற்றம்மா என்றுதான் அழைப்பார்கள். ஒற்று மிகுமா மிகாதா என்ற கேள்வி வந்தால் அவர் சொல்வதே தீர்ப்பு. பள்ளியில் மொழி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், ஜன்னலோரம் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு மெய்ப்புத் திருத்த வந்தவர். காலையில் வந்ததும் கண்ணை மூடி இரண்டு நிமிடம் கும்பிட்டுவிட்டுத்தான் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பார்.

அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது இணைப்புக்கோடு. சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே கோடு போடுவது, தாயின் கையைப் பிள்ளை பிடிக்க விடாமல் நடுவில் குச்சி நீட்டுவது மாதிரி என்பார்.

அந்த மேசைக்குத்தான் பேராசிரியரின் புத்தகம் வந்தது. கலப்பெண் சார்புகளைப் பற்றிய பெரிய கணித நூல். மற்ற மொழிகளில் இந்தத் துறைக்குப் பெயர்போன பாடநூல்கள் எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் ஆயுள் முழுக்க ஊன்றிப் படித்தவர், நம் மொழியில் அந்த வரிசையில் வைக்க ஒரு புத்தகம்கூட இல்லையே என்று ஏங்கி, ஓய்வுக்குப் பிறகு தானே எழுத உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பு அல்ல. விளக்கம், எடுத்துக்காட்டு, கணக்கு எல்லாம் அவருடையவை.

முதல் மெய்ப்பைப் பூதக்கண்ணாடி வைத்து அவரே பார்த்தார். சந்தேகம் வந்தால் ஒற்றம்மா தொலைபேசியில் கேட்பார்.

"சார், வினையெச்சம் தெரியும், பெயரெச்சம் தெரியும். நீங்க பக்கத்துக்குப் பக்கம் எச்சம் எச்சம்னு எழுதியிருக்கீங்களே, இது என்ன எச்சம்?"

"ஒரு கெட்ட புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம் வந்தீங்கன்னா, கடைசியில கையில நிக்கிறது இருக்கில்ல, அதும்மா."

"எங்க அச்சகத்தைச் சுத்தி வந்தா புறா எச்சம்தான் சார் நிக்குது."

அவர் வெகுநேரம் சிரித்தார். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "யாருங்க போன்ல? உங்க கலப்பெண்ணா?" கலப்பு எண் என்ற சொல் சேர்ந்து கலப்பெண் ஆனதிலிருந்து, அந்த வீட்டில் அந்தப் புத்தகத்துக்கு அதுதான் பெயர். நான் கட்டிக்கிட்டு வந்தவ, அவ ஒட்டிக்கிட்டு வந்தவ என்பார் அந்த அம்மாள்.

முதல் மெய்ப்பு திரும்பி வந்த சில வாரங்களில் பேராசிரியருக்குப் பார்வை போயிற்று. சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது, சிறுநீரகத்தையும் தின்றுகொண்டிருந்தது. "இனி நீங்களே பார்த்துக்கோங்கம்மா. நான் நிறுவினதை நீங்க மெய்ப்பிக்கணும்" என்று அவர் சொன்னதும் ஒற்றம்மா மெய்ப்புத் தாள்களை மறுபடி முதலிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டார். முன்பைவிடக் கவனமாகப் பார்த்தார். பார்த்து முடித்து, கடைசி மெய்ப்பின் முதல் பக்கத்தின் தலையில் சிவப்பில் எழுதினார்: எல்லா இடத்திலும் இணைப்புக்கோடு நீக்குக.

z-இன், f-ஐ என்று எழுத்துக்கும் உருபுக்கும் நடுவே கிடந்த கோடுகளைத்தான் அவர் சொன்னார். பக்கம் அமைக்கும் பெண், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். கணினியில் ஒரே கட்டளை கொடுத்தாள். புத்தகம் முழுக்க எல்லாக் கோடும் போயின.

கழித்தல் குறியும் அதே விசையில் தட்டிய அதே கோடுதான் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

புத்தகம் அச்சாகி, கல்லூரிகளுக்குப் போகவேண்டியவை போய், மீதிக் கட்டுகள் பைண்டரிடமிருந்து அச்சகத்துக்கு வந்தன. கட்டுகளைச் சுற்றி வருவது எப்போதும் பழைய மெய்ப்புத் தாள்தான். வேலை முடிந்த கையெழுத்துப் பிரதிகளும் மெய்ப்புகளும் கட்டுப்போடப் போய்விடும்; அந்த அச்சகத்தின் வழக்கம் அது. ஒற்றம்மா ஒரு கட்டைப் பிரித்து, புதுப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் அத்தியாயத்தைத் திறந்தார். கோடு இல்லாத வரிகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. கட்டின்மேல் சுற்றியிருந்த தாளும் அதே பக்கம்தான், முதல் மெய்ப்பு. தாளில், "-1-இன் வர்க்கமூலம் மெய்யெண்களில் இல்லை" என்று இருந்தது. புத்தகத்தில், "1இன் வர்க்கமூலம் மெய்யெண்களில் இல்லை" என்று இருந்தது.

ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று. அது அவருக்கும் தெரியும்.

அடுத்த பக்கம் புரட்டினார். அதற்கடுத்ததும். தனியே நின்ற சமன்பாடுகள் படங்களாக வைக்கப்பட்டதால் தப்பியிருந்தன. வரிகளுக்குள் இருந்த ஒரு கழித்தல்கூட மிஞ்சவில்லை. போன இடத்தில் வடுவும் இல்லை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "பழைய கோப்பு?"

"அதுமேலயே சேமிச்சிட்டாளாம். அவளைத் திட்டாதீங்க, எழுதிக் கொடுத்தது நான்."

"கையெழுத்துப் பிரதி?"

ஒற்றம்மா சுற்றுத்தாளைக் காட்டினார். அங்கிருந்த மற்றக் கட்டுகளில் வேறு புத்தகங்களின் தாள்கள்தான்; இதன் தாள்களெல்லாம் கட்டுகளோடு ஊர் ஊராகப் போய், பிரித்த இடத்தில் குப்பையாகியிருக்கும்.

"வேற கணக்கு வாத்தியார் யாராவது..."

"போன்ல கேட்டுப் பார்த்தேன். எல்லாத்தையும் புதுசாப் போட்டுப் பார்க்கணும், வருஷக்கணக்காகும்னு சொல்லிட்டாங்க. எங்கே இருந்துச்சு, எங்கே இல்லைன்னு எழுதினவருக்குத்தான் தெரியும்."

எழுதியவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பினார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் மதியம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது முதலாளி மெல்லச் சொன்னார். "ஒண்ணும் சொல்லிடாதீங்கம்மா. கண்ணு தெரியாது அவருக்கு. கையில வாங்கித் தடவிப் பார்த்துட்டு நிம்மதியாப் போகட்டும்."

ஒற்றம்மா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் சாகப்போகும் மனிதரிடம் உண்மையைச் சொல்வது யாருக்கு நல்லது? சொன்னால் அவர் நெஞ்சு உடையும். சொல்லாவிட்டால் புத்தகம் உடைந்தது உடைந்ததாகவே இருக்கும், ஒட்டத் தெரிந்த ஒரே மனிதரும் போய்விடுவார். வழி காட்டு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். எந்த வழியும் தெரியவில்லை.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. தலைமாட்டு அலமாரியில் அந்தப் பெரிய பாடநூல்கள், முதுகுத் துணி கிழிந்து, நூல் தெரிந்து, வரிசையாக நின்றன. புதுப் புத்தகத்துக்காக மனைவி நடுவில் ஓரிடம் ஒதுக்கித் துடைத்து வைத்திருந்தார்.

"வந்துட்டாளா உங்க கலப்பெண்? எழுந்து உக்காருங்க, மாப்பிள்ளை."

பேராசிரியர் தலையணையில் சாய்ந்து புத்தகத்தை வாங்கினார். முகர்ந்தார். அட்டையைத் தடவினார். பக்கங்களை விரல் நுனியால் விசிறிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முதலாளி, காப்பி போடப் போன பேராசிரியரின் மனைவிக்கு உதவுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

"அம்மா, முதல் பக்கம் படிங்க."

ஒற்றம்மா படித்தார். "கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் மெய்யெண்களில் இல்லை..." இல்லாத கழித்தலைச் சேர்த்துப் படித்தார். இதற்கு ஆண்டவன் மன்னிப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்லாப் படிக்கிறீங்க. எச்சத்துக்குப் போங்க. அங்கே முதல் எடுத்துக்காட்டு. அது எனக்குப் பிடிச்சது."

ஒற்றம்மா அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டினார். முதல் பக்கத்துக்குச் சுற்றுத்தாள் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. எங்கே கழித்தல், எங்கே இல்லை என்று அவருக்குத் தெரியாது.

"இந்தச் சார்புக்கு ஒன்று, ஒன்று ஆகிய இரண்டு புள்ளிகளில் துருவங்கள் உண்டு."

"ரெண்டாவது கழித்தல் ஒன்று."

"ஆமா சார். கழித்தல் ஒன்று. கண்ணாடி மாத்தணும் எனக்கு."

"மாத்துங்க, மாத்துங்க. என்னை மாதிரி விட்டுடாதீங்க."

"அவற்றில் எச்சங்கள் முறையே அரை, அரை. ஆகவே இரண்டின் கூட்டுத்தொகை..." அடுத்த சொல் கண்ணில் பட்டதும் வாய் நின்றது. நிறுத்தவும் முடியாது. "...பூச்சியம்."

பேராசிரியர் கையை நீட்டிப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"அரையும் அரையும் சேர்ந்தா பூச்சியமா, அம்மா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. மாணவன் தானே திருத்திக்கொள்ளட்டும் என்று காத்திருக்கும் குரலில் கேட்டார்.

ஒற்றம்மா அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி பார்த்தார்.

"கழித்தல் அதுல இல்லையா?"

"இல்லை சார்."

"இங்கே மட்டுமா?"

"வரிக்குள்ள இருந்தது எல்லாமே போச்சு. உருபுக்கு முன்னாடி இருக்கிற கோட்டை எடுக்கச் சொன்னேன். எல்லாக் கோட்டையும் எடுத்துட்டாங்க. நான்தான் சார் எழுதினேன். என் கையாலதான்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். புத்தகத்தின்மேல் இருந்த கை மட்டும் அப்படியே இருந்தது. ஒற்றம்மா அழுதார், சத்தம் வராமல்.

காப்பித் தட்டோடு மனைவி வந்தார். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு? ஏதாவது தப்பா வந்திருக்கா?"

பேராசிரியர் திரும்பினார். "சீச்சீ. ரொம்ப நல்லா வந்திருக்கு. படிச்சாங்க, கொஞ்சம் கலங்கிட்டேன்."

"அழுதா கலப்பெண் கோவிச்சுக்குவா" என்று அவர் முந்தானையால் கணவரின் கன்னத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் பேராசிரியர். "இந்தப் புத்தகத்துக்காக ரொம்பப் பொறுத்துக்கிட்டா. நல்லா வந்துச்சுன்னு அவ நினைச்சுக்கணும். பென்சில் இருக்கா உங்ககிட்ட?"

அன்று மாலைவரை ஒற்றம்மா முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் கண்ணை மூடிக் கேட்டு, "இங்கே" என்பார். ஒற்றம்மா பென்சிலால் சிறு கோடு போடுவார். சில இடங்களில் அவருக்கே சந்தேகம் வந்து, உதட்டை அசைத்து மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு, "இங்கே இல்லை, அடுத்ததுல" என்பார். அரைப் பக்கத்துக்குள் மூச்சு வாங்கும். நிறுத்தலாமா என்றால் தலையசைப்பார்.

ஒற்றம்மா தினமும் மதியம் அச்சகத்தில் அனுமதி கேட்டு வந்தார். சில நாள் அவர் தூங்கிக்கொண்டே இருப்பார். விழிக்கட்டும் என்று அந்த அம்மாளுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார். சில நாள் விழித்திருந்தும் வரி காதில் ஏறாது. ஒரு நாள் தப்பான இடத்தில் கோடு போடச் சொன்னார். தப்பு என்று ஒற்றம்மாவுக்குத் தெரியாது; போட்டார். மறுநாள் அவரே நினைவு வந்து, பதறி, அழிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னும் எத்தனை இடத்தில் அப்படிச் சொல்லியிருப்பேனோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

"முடியாதும்மா" என்றார் ஒரு மதியம். "மூணாவது அத்தியாயத்தோட நான் நின்னுடுவேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்."

"படிக்கிற பிள்ளை எங்கேயாவது தடுக்கி விழுவான். எழுந்து, ஏன் விழுந்தோம்னு பார்த்து, அவனே போட்டுப்பான்." கொஞ்சம் பொறுத்து, "எல்லாரும் எழுந்திருக்க மாட்டாங்க" என்றார்.

மூன்றாவது அத்தியாயத்துக்கு அவர் வந்து சேரவில்லை.

அடக்கம் முடிந்த மாலையில் வீடு நிறையக் கூட்டம். பழைய மாணவர்கள், கல்லூரியில் கூட வேலை பார்த்தவர்கள், அக்கம்பக்கத்தார். ஒற்றம்மா பின்சுவரோரம் நின்றார். இரண்டு அத்தியாயங்களுக்கான திருத்தத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கல்லூரிகளுக்கு அனுப்ப முதலாளி சம்மதித்திருந்தார். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. முந்தின நாள் ஒற்றம்மா எச்சம் பற்றிய அத்தியாயத்தைத் திறந்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு வெள்ளையும் ஒரு கோடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதையும் அவரால் சொல்ல முடியவில்லை.

பேராசிரியரின் மனைவி அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து, முன்னால் உட்கார்ந்திருந்த மாணவர்களிடம் விரித்துக் காட்டினார்.

"பாருங்கப்பா, கடைசி வரைக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ரசிச்சாரு. பிடிச்ச இடத்துலயெல்லாம் கோடு போடச் சொல்லுவாரு. பக்கம் முழுக்கக் கோடு. அங்கே நிக்கிறாங்களே, அந்த அம்மாதான் மெய்ப்புப் பார்த்தாங்க. ஒரு பிழை கிடையாது. அப்படிப் பார்த்துக் கொடுத்தாங்க. நிம்மதியாப் போனாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாணவர், தலை நரைத்தவர், புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தில் கண்ணை ஓட்டினார். பென்சில் கோடு ஒன்றின்மேல் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து ஒற்றம்மாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடி, அந்த அம்மாளிடமே நீட்டினார்.

"ஆமாம்மா," என்றார். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்சுவர்வரை வந்து, ஒற்றம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கைகளைப் பறித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது ஒற்றம்மாவுக்கு. எல்லாவற்றையும் இங்கேயே கொட்டிவிட்டால் தன் நெஞ்சு லேசாகும். ஆனால் அந்தப் பாரம் முழுக்க இந்த அம்மாளின் தலையில் போய் இறங்கும்.

"காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்களே" என்றார் ஒற்றம்மா. "வாங்க, ஒரு வாய் கஞ்சியாவது குடிங்க."

தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.