யினே என்றால்

மனைவி எமெல் போன பிறகு ஜனார்த்தனிடம் மிஞ்சிய துருக்கி மொழி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அன்னே என்றால் அம்மா. எக்மெக் என்றால் ரொட்டி. அப்புறம் யினே.

யினே என்றால் 'மறுபடியும்' என்று சொல்லிக்கொடுத்தவள் அதோடு விட்டாளா? அடுப்பில் ரசம் கொதித்தால் "யினே மி?" என்று மூக்கைச் சுருக்குவாள். இன்னிக்கும் இதேதானா என்று அர்த்தம். பிறகு அதே ரசத்துக்கு டம்ளரை இரண்டாம் முறை நீட்டும்போதும் யினேதான். "யினே தெ" என்றால் 'இருந்தாலும்' என்று வரும். மகள் ஒரு தமிழனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று கேட்ட அன்று அவள் அம்மா நெர்மின் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, "தெரியாத ஊர், தெரியாத பாஷை. யினே தெ, பையன் நல்லாச் சாப்பிடுறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

போன செப்டம்பரில் எமெல் இறந்தாள். சனிக்கிழமைச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. மவுண்ட் வெல்லிங்டன் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மாமியார் இருக்கும் பிளாக்ஹவுஸ் பே போவான், அவர் வைத்ததைத் தின்பான், திரும்புவான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ். மீதியை எமெல் இட்டு நிரப்புவாள். இப்போது அந்த இடத்தில் கரண்டிச் சத்தம்.

கோயம்புத்தூரிலிருந்து அக்கா அபர்ணா போனில் கேட்டுவிட்டாள். "பொண்டாட்டியே போயிட்டா. இன்னும் அந்தம்மா வீட்ல போய் ஒக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கே. அவங்களுக்குப் பாரமா இருக்காதா? வந்துரு கண்ணு."

டிக்கெட் போட்டான். போவதற்கு மட்டும்.

"நாளைக்கு இந்தியா போறேன், அன்னே."

போயிட்டு வர்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எப்ப வருவே, ஜான்?" அவன் பெயரில் அவருக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

"தெரியல."

நெர்மின் இன்னொரு கரண்டி பீன்ஸை அவன் தட்டில் போட்டார். கொல்லையில் உதிர்ந்த ஃபீஜோவாப் பழங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"பிளேன்ல விடமாட்டாங்க, அன்னே."

"அப்ப இங்கயே சாப்பிடு."

சாப்பிட்டான். எழுந்திருக்கும்போது, எமெலின் சாவிக்கொத்திலிருந்து கழற்றி வந்த இந்த வீட்டுச் சாவியை மேஜையில் வைத்தான். அவர் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

காரைக் கிளப்பி ரோட்டுக்கு வந்தபோதுதான் கண்ணாடியில் தெரிந்தது. நெர்மின் வேகமாக வெளியே வந்தார். கையில் ஒரு ஜக். அதிலிருந்த தண்ணீரை வீசி, கார் போன தடத்தில் ஊற்றினார்.

ஊரில் ஒருவனைத் தண்ணி தெளித்து விட்டாகிவிட்டது என்றால் அத்தோடு சரி. பெற்றவர்களே கைகழுவிவிட்டார்கள் என்று பொருள். பேச்சில் கேட்டிருக்கிறான். யாரும் நிஜமாகவே ஜக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்ததில்லை.

சாவியை வைத்தவன் அவன். போகிறவனும் அவனே. அவர்மேல் என்ன குற்றம்? இருந்தும் ரவுண்டபவுட்டை முழுசாகச் சுற்றி, வந்த வழியே திரும்பினான்.

நெர்மின் வெறும் ஜக்கோடு கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே இறங்கினான்.

"ஏன் அன்னே தண்ணி ஊத்தினீங்க? இனிமே நான் வேண்டாமா?"

"வேண்டாமா?" அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பைத்தியமா ஒனக்கு? தண்ணி, ஜான்." கையைச் சரிவில் ஓடவிட்டுக் காட்டினார். "இப்படி லேசாப் போகணும்." அதே கையைத் திருப்பி அவன் நெஞ்சில் ஒரு தட்டு. "இப்படி லேசா வரணும். தூரம் போறவங்களுக்கு எங்க ஊர்ல ஊத்துவோம். எங்கப்பா பட்டாளத்துக்குப் போனப்ப எங்கம்மா ஒரு வாளி ஊத்தினா."

"வந்தாரா?"

"வராமயா நான் பொறந்தேன்?"

தண்ணி தெளிக்கிற சங்கதியை அவன் சொன்னான். நெர்மின் ஜக்கைப் பார்த்தார். பிறகு சிரித்தார். செப்டம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை. மகளுக்கும் அதே சிரிப்பு. கடைசியில் மூக்கை உறிஞ்சுவது உட்பட.

"நல்ல ஊருப்பா உங்க ஊரு! தண்ணி பாவம், அது என்ன செஞ்சுது?"

ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"எமெலோடது, அன்னே."

"எமெல் போயிட்டா. யினே தெ, பையன் நல்லாச் சாப்பிடுறான்."

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு தமிழிலேயே சொன்னான். "போயிட்டு வர்றேன், அன்னே."

"அப்படின்னா?"

"போவேன்." மீதிக்கு இங்கிலீஷில் வார்த்தை தேடினான். அது வேறிடத்தில் கிடைத்தது. "யினே."

நெர்மின் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் நடந்தார். பாதியில் திரும்பி அதட்டினார்.

"கிளம்பிடாதே, நில்லு! ஊத்தின தண்ணிக்குத்தான் நீ வந்துட்டியே, அது தீர்ந்துபோச்சு. யினே ஊத்தணும்."

ஜனார்த்தன் இன்ஜினை அணைத்தான். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஜக் நிறையட்டும் என்று காத்திருந்தான்.