வலது பக்கம் திரும்புங்கள்

வாரத்தில் ஒரே ஒரு நாள் விடுமுறை. இருபத்திரண்டு வருடமாக பஸ்ஸில் நின்றே தேய்ந்த கால்கள் அன்றைக்காவது நீட்டிப் படுக்க வேண்டாமா? ஆனால் கண்டக்டரம்மா பழைய துறைமுகக் கரையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். டிப்போ ஆட்கள் யாராவது பார்த்தால் ஒரு மாதத்துக்கு ஓட்டித் தீர்த்துவிடுவார்கள்.

கரையை அடையாளமே தெரியாமல் புதுப்பித்திருந்தார்கள். மூட்டை அடுக்கிய கிடங்குகளெல்லாம் காபிக்கடைகள் ஆகிவிட்டன. துருப்பிடித்துக் கிடந்த கிரேனுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கு வைத்திருந்தார்கள். சுற்றிக்காட்ட ஆள் கிடையாது. பத்து இடங்களில் பலகை நட்டிருந்தது. அதிலிருக்கும் கியூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால் ஒரு பெண்குரல் அந்த இடத்தின் கதையைச் சொல்லிவிட்டு, அடுத்த பலகைக்கு வழியும் சொல்லும். அவரவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

அந்தப் பெண்குரல் அவளுடைய தங்கச்சியின் குரல். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நான்கு வருடமாகப் பேச்சு கிடையாது.

மகள்தான் விஷயத்தைக் கொண்டுவந்தாள். "சித்தி குரல்மா. இந்த மாசம் சோதனையாம். ஜனங்களுக்குப் பிடிச்சிருந்தா மியூசியத்துக்கும் சித்தியவே பேச வைப்பாங்களாம். நர்சரி ஸ்கூல மூடுனதுலேருந்து சித்திக்கு வேற வேலையே இல்லம்மா."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனவள்தான். மகள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் கிளம்பிவிட்டாள்.

முதல் பலகையில், "வணக்கம். வாருங்கள், சேர்ந்து நடப்போம்" என்றது குரல்.

"ஆமா, சேர்ந்து நடந்துட்டாலும்" என்று முணுமுணுத்தாள் அக்கா.

ஆனால் குரல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய நிதானம். இரண்டாவது பலகையில் கப்பல் கயிற்றைக் கட்டும் இரும்புத் தூணைப் பற்றிச் சொல்லும்போது, தன்னை அறியாமல் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்தாள். திருப்பம் வரும்போது மட்டும் குரல் 'இப்போது' என்று சொல்லி அரை நொடி நின்றது. மற்றவர்கள் அதை அழகுக்கு விட்ட இடைவெளி என்று நினைத்திருப்பார்கள். அக்காவிடம் அதெல்லாம் நடக்குமா? கழுதை, கையைப் பார்க்கிறது.

தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது எது, வலது எது என்று குழப்பம். இடது மணிக்கட்டில் ஒரு மச்சம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வழி சொல் என்று பழக்கிவிட்டதே அக்காதான். ஐந்து பலகை வரைக்கும் ஐந்து இடைவெளி, ஐந்தும் சரியான வழி. அக்காவுக்குச் சிரிப்புகூட வந்தது.

ஆறாவது பலகையில் சிரிப்பு நின்றது.

"நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. சரக்கு ரயில் வருகிறது என்று கேட்டை மூடிவிட்டால், எவ்வளவு அவசரமானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இப்போது..." அரை நொடி இல்லை, மூன்று நொடி போயிருக்கும். "வலது பக்கம் திரும்புங்கள்."

திரும்பினாள். எதிரே ஒரு முட்டுச்சுவர். குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன, ஏசி மெஷின்கள் சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவள் பின்னாலேயே ஒரு கணவனும் மனைவியும் காதில் ஒயரோடு வந்து நின்றார்கள்.

"இந்தத் தொட்டிதான் ஏழாவது புராதனச் சின்னமா?" என்றார் கணவர்.

"முதல்ல ஒரு புகாரத் தட்டி விடுங்க" என்றாள் மனைவி.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. இவள் திருந்தவே மாட்டாளா? அன்றைக்கும் இதே கதைதானே. பட்டப்பகலில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. தங்கச்சி காரின் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொன்னாள். இடது பக்கம் மேம்பாலம், அதை விட்டுவிட்டு வலது பக்கம் என்றாள். வலது பக்கம் ரயில்வே கேட். கார் நுழைவதற்கும் கேட் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. பின்னால் லாரி வந்து நின்றுவிட்டதால் திரும்பவும் முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்கா சொன்னாள்: "இந்த வாய்தான் எங்கப்பாவக் கொன்னுது." அதற்குப் பிறகு அந்த வாய் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுபடியும் ஆறாவது பலகைக்குப் போய் மறுபடியும் கேட்டாள். ரயில்வே கேட் என்ற இடத்தில் குரல் லேசாகக் கம்மியது. 'காத்திருக்கத்தான் வேண்டும்' என்பதை முழுங்கிக்கொண்டு சொன்னது. அப்புறம் அந்த மூன்று நொடி. கண்ணில் தண்ணீர் நின்றால் மச்சம் எங்கே தெரியும்? அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

இடது பக்கச் சந்துக்கு அப்பால் ஏழாவது பலகை தெரிந்தது. அதற்குள் நாலைந்து பேர் வலது பக்கம் திரும்பப் பார்த்தார்கள்.

"அந்தப் பக்கம் போகாதீங்க, இடது பக்கம் வாங்க. சந்து தாண்டுனா ஏழாவது பலகை. பார்த்து, படி உயரமா இருக்கும்." பஸ்ஸில் பேசும் அதே குரல் தானாக வந்துவிட்டது.

குப்பைத் தொட்டிப் பக்கம் நின்ற கணவனையும் மனைவியையும் கையோடு கூட்டிவந்து வழியில் விட்டாள். "புகாரெல்லாம் எதுக்குங்க, அதான் வழி தெரிஞ்சிருச்சே" என்று அனுப்பிவைத்தாள். அப்புறம் அந்த இடத்தை விட்டு நகர அவளுக்கு மனசு வரவில்லை. நகர்ந்தால் அடுத்து வருகிறவன் குப்பைத் தொட்டியில் போய் முட்டிக்கொண்டு தங்கச்சியைத் திட்டுவான். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு மணி நேரம் நின்றாள்.

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு அதிகாரியம்மா வந்தார். "நீங்க யாரும்மா? யாரு உங்கள இங்க நிக்கச் சொன்னது?"

"தெரியாதவங்களுக்கு வழி சொல்றேன். தப்பா?"

"நேத்தே மூணு புகார் வந்துருச்சு. குரல் குடுத்தவங்கள வரச் சொல்லியிருக்கேன். சரிப்படலைன்னா வேற ஆள வச்சு எல்லாத்தையும் மாத்திட வேண்டியதுதான்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தங்கச்சி வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நின்றவள், அங்கிருந்து ஒரு அடிகூட நகரவில்லை. அதிகாரியம்மா ஆறாவது பலகையின் குரலைப் போனில் சத்தமாகப் போட்டுக் காட்டினார். வலது பக்கம் திரும்புங்கள். தங்கச்சி மணிக்கட்டைப் பார்த்தாள், சந்துப் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என் தப்புதான் மேடம்" என்றாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீயே சொல்லிடுக்கா. இந்த வாயப் பத்தி நீதான் நல்லா சொல்லுவ" என்றாள்.

அக்கா ஒரு எட்டு முன்னால் வந்தாள். அன்றைக்குக் காரில் இருந்ததுபோல இன்றைக்கும் வாய் திறக்காமல் நின்றுவிட முடியுமா?

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பேசுனேன். இன்னைக்கும் ஆள் முன்னாடியே பேசறேன். அந்தக் கார்ல நானும்தான இருந்தேன்? அப்பா தலைய மடில வச்சுக்கிட்டு. நீ வலதுன்னு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அது கேட் இருக்கற ரோடுன்னு எனக்குத் தெரியும். தினம் எட்டு தடவ அந்த வழியா போறவடி நான். பயத்துல வாயே வரல. நீ ஏன் தடுக்கலன்னு எங்க என்னைய கேட்டுருவாங்களோன்னு உன் தலையில கட்டிட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள் தங்கச்சி மெதுவாக. "கண்ணாடில பார்த்தேன். நீ இடது பக்கம் கையக் காட்டிக்கிட்டே இருந்த. சத்தந்தான் வரல. நான் பார்க்கறப்ப கேட் இறங்கிருச்சு."

கையைக் காட்டியது அக்காவுக்கு ஞாபகமே இல்லை. நான்கு வருடமாக இது தெரிந்தும் இவள் யாரிடமும் வாய் திறக்கவில்லையே என்று நினைத்தபோது, நடுத்தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

அதிகாரியம்மா சங்கடத்தோடு கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "ஒரே ஒரு இடந்தான மேடம். இங்கயே இப்பவே பேச வச்சுப் பதிஞ்சுக்குங்க. இதுக்கு முன்னாடி இருக்கற அஞ்சையும் காலைலேருந்து நடந்து பார்த்துட்டேன், ஒரு குத்தம் சொல்ல முடியாது. வழி விஷயத்துல இருபத்திரண்டு வருஷமா என்னைய யாரும் ஏமாத்துனதில்ல."

அவர் யோசித்தார். பிறகு அந்த இடத்தின் கதையை மட்டும் எழுதியிருந்த காகிதத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துப் போனை நீட்டினார்.

தங்கச்சி வலது கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பக்கத்தில் போய் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மச்சம் அக்காவின் உள்ளங்கைக்குள் போய்விட்டது. தங்கச்சி படித்தாள். ரயில்வே கேட் என்ற இடத்தில் அந்தப் பிடி இறுகியது.

"இப்போது இடது பக்கம் திரும்புங்கள்" என்றாள் தங்கச்சி, எங்கும் நிற்காமல்.