சுரங்கத்தில் இறங்கிய ஆடு

1

இந்தக் கதை எனக்கு வடலூரிலிருந்து பண்ருட்டி போகிற பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டில் ஒருத்தி கைக்குழந்தையை அணைத்தபடி அரைத்தூக்கத்தில் இருந்தாள். பக்கத்தில் அவளுடைய மூத்த பெண், நாலு வயசு இருக்கும், தூங்குகிற தம்பியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. பிறகு என்னை. நான் கவனிப்பது தெரிந்ததும் கையை வெடுக்கென்று பின்னால் ஒளித்துக்கொண்டது. அவ்வளவுதான். இந்தப் பிள்ளை என்ன செய்யப் பார்த்தது? சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மீதியெல்லாம் நானே கட்டியது. காலத்தைப் பின்னுக்கு இழுத்து, நெய்வேலியில் குவார்ட்டர்ஸ்கள் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு நின்ற அறுபதுகளில் கொண்டுபோய் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை தனகோடியின் கண்களில் நீர்" — வேண்டாம். அழுகாச்சிக் கதை என்று மூடிவிடுவீர்கள்.

இரண்டாவது: "இரண்டு பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும்" — ஐயோ, பிரசங்கம்.

நேராகவே சொல்கிறேன். தனகோடிக்கு இரண்டாவது பிரசவமாகி மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. புருஷன் சக்கரபாணி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் வெட்டி, இப்போதுதான் பெர்மனென்ட் ஆகிக் குவார்ட்டர்ஸ் வாங்கியவன். துணைக்கு ஆளில்லை. பையன் பால் குடிக்கிறான், தூங்குகிறான்; பாயில் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போனால் வீல் என்கிறான். மறுபடி மார்பு, மறுபடி தூக்கம், மறுபடி வீல். சோறு குழைகிறது. பிடிக்க ஆளில்லாமல் குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது. தலையில் சீப்பு வைத்து எத்தனை நாளாயிற்றோ.

இதற்கு நடுவில் மூத்தவள் விஜயகுமாரி. வாசலைத் தாண்டினால் ரோடு, ரோட்டில் மண் லாரி. தனகோடி ஒரு வழி கண்டுபிடித்தாள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் விஜியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கதை சொன்னாள். குட்டியைத் தேடிச் சுரங்கத்துக்குள் இறங்கிய ஓர் ஆட்டின் கதை. பையன் குடிக்காமல் கண்ணயர்ந்தால் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவாள். அவன் மறுபடி சப்புவான், ஆடு மறுபடி நடக்கும். வயிறு நிறைந்து அவன் தூங்கியதும் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து ஓடுவாள்.*

[* உள்ளங்கால் சமாசாரத்தை நினைவில் வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் உஷாராகிவிடுவீர்கள்.]

3

தனகோடிக்கு முதல் சந்தேகம் தன் பால் மேலேயே வந்தது. கிளப்பியவன் சக்கரபாணி.

"பால் பத்தல, அதான் கத்திகினே கெடக்குறான். பவுடர் டின்னு வாங்கியாறேன். வர்ற ஞாயித்துக்கெழம விஜிய முத்தாண்டிக்குப்பத்துல அக்கா வூட்ல வுட்டுட்டு வர்றேன். ஒரு வருசம் வச்சிக்கிறேன்னு அக்கா சொல்லுது."

"ஒரு வருசமா? எம்புள்ள என்னயே மறந்துபூடும்ங்க."

"நீ இப்பிடி தூங்காம கெடந்தா எங்களுக்கு நீயே மிஞ்ச மாட்டியேம்மா."

அவன் கெட்டவனில்லை. அதுதான் வம்பே. கெட்டவனாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு இந்தக் கதையை நான் எப்போதோ முடித்திருப்பேன்.

அடுத்த சந்தேகம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சித்தீகா மேல். அவள் வருகிறாள், கொழுகொழுவென்று இருக்கிறானே என்கிறாள், போனதும் பிள்ளை அலறுகிறது. முதல் பிரதியில் சித்தீகாவை வில்லியாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று எழுத்தின் மேலேயே சந்தேகம் வந்து கிழித்துப் போட்டேன். உண்மையில் அவள் சொன்னது இதுதான்:

"பால் பத்தாத புள்ளைக்கி இப்படிக் கன்னம் வருமா தனகோடி? வேற ஏதோ இருக்கு. உள்ளங்கால் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? எறும்பு கிறும்பான்னு பாரு."

தனகோடி பாயை உதறினாள். எறும்பு இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை. சுரங்கத்து வேட்டுச் சத்தத்தில் விழிக்கிறானோ? வேட்டுப் போடாத நாளிலும் அலறினான். கடைசியில் சந்தேகப்பட வெளியாள் யாரும் மிச்சமில்லை.

4

சனிக்கிழமை முற்பகல். பையனைக் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போகிறவள் மாதிரி போய்க் கதவிடுக்கில் நின்றாள்.

விஜி பாயருகே உட்கார்ந்தாள். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை. தம்பி மேலிருந்த துணியை மெல்ல விலக்கி, உள்ளங்காலில் ஒரு சுண்டு. அம்மா சுண்டுவது போலவே, அதே விரலால்.

"அம்மா! தம்பி ஏந்திரிச்சிட்டான்!" குரலில்தான் என்ன சந்தோஷம்!

தனகோடி பாய்ந்து வந்து கையை ஓங்கினாள். "பச்சப் புள்ளய ஏன்டி எழுப்புற?"

விஜி அசையவில்லை. "ஆடு கடேசிப் படியில நிக்கிதும்மா. ஒரே இருட்டுன்னு சொன்ன. அப்பறம் இன்னா ஆச்சின்னு சொல்லவேல்ல. அவன் தூங்குனா நீ ஏந்திரிச்சி பூடுற."

ஓங்கிய கை இறங்கியது. (இந்த இடத்தில் "தாய்மை என்பது" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். போகட்டும்.) தனகோடி அழுதாள். தன் பாலில் குறையில்லை என்ற நிம்மதி பாதி. அம்மா பக்கத்தில் உட்கார இந்தச் சின்னது தம்பியின் பசிக்காகக் காத்துக் கிடந்ததே என்ற வேதனை பாதி.

5

இப்போது சிக்கல். உண்மையைச் சொன்னால் பால் தப்பிக்கும், பெண் மாட்டிக்கொள்வாள். பச்சைப் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறவளை இன்றைக்கே கிளப்பு என்பான் சக்கரபாணி. சொல்லாவிட்டால் டின் வரும், அப்போதும் பெண் போவாள்.

முடிவு அ: சொல்கிறாள், அவன் சிரித்துவிடுகிறான். அவ்வளவு சுலபமாகச் சிரிக்கிற ஆளை நான் நம்பவில்லை.

முடிவு ஆ: சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரமாக விஜி — எழுதக் கை வரவில்லை.

எழுத முடிந்தது இவ்வளவுதான். பையன் பால் குடித்துத் தூங்கியதும் தனகோடி உலையை இறக்கி வைத்தாள். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

"வா. அந்த ஆடு இன்னா பண்ணிச்சின்னா..."

விஜி வரவில்லை. "தம்பி தூங்குறானே" என்றாள் சந்தேகமாக.

"தூங்கட்டும். ஒனக்குக் கத சொல்ல அவன் எதுக்குடி?"

விஜி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஷிப்ட் முடிந்து சக்கரபாணி வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அவன் கையில் பவுடர் டின். மூலையில், முத்தாண்டிக்குப்பம் போக அவன் காலையிலேயே கட்டி வைத்த விஜியின் துணிப்பை.

"இன்னா இது, இப்பிடி தூங்குறான்? இன்னா பண்ணீங்க ரெண்டு பேரும்?"

விஜி உதட்டில் விரல் வைத்தாள். "கத்தாதப்பா. தம்பி ஏந்திரிச்சிடுவான்."

அவன் மகளைப் பார்த்தான், பிறகு பையைப் பார்த்தான். தனகோடி சொல்ல வாயெடுத்தாள்.

நான் இங்கேயே எழுந்துவிடுகிறேன். பாதியில் விட்டுப் போகிறேனே என்று கோபப்படாதீர்கள். விஜிக்குத் தெரிந்துவிட்டது; உங்களுக்கு ஆடு இன்னும் கடைசிப் படியில்தான் நிற்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பையை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.